நீர்நாய் இல்லாத பதினான்கு மாதங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போதெல்லாம் முணுமுணுக்கிறது, அவளும் பதிலுக்கு முணுமுணுக்கிறாள். அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, சௌக்கியமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். உன் அண்ணன் போன வாரம் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனான், இப்போது குளியலறையில் பாத்திரம் கழுவுகிறோம். கடிதம் எதற்கு, போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது கேட்பாய், நான் உளறுவேன், அம்மா போனைப் பிடுங்கிக் குழாயைப் பற்றிப் பேசுவாள், விஷயம் எங்கேயோ போய்விடும். அதனால் பொறுமையாகப் படி, முன்பின்னாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாதே, எனக்கே தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

முதலில் உன் வேலையே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காட்டு விலங்குகளைக் காப்பாற்றுகிற அமைப்பில் புள்ளியியல் நிபுணர் என்று நீ சொன்னதை அப்படியே பக்கத்து வீட்டு பஸ் டிரைவரிடம் ஒப்பித்தேன், "அப்போ துப்பாக்கி குடுத்திருப்பாங்களே" என்றார். கம்ப்யூட்டர்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் அவருக்கு உன் மேல் இருந்த மரியாதை பாதியாகிவிட்டது. இந்த ஐந்து வருஷத்தில் நீ நேரில் பார்த்தது ஒரே ஒரு மான், அதுவும் ரயில் ஜன்னல் வழியாக. பார்க்காததை எப்படி எண்ணுவது என்று போன தடவை நான் கேட்டதற்கு அம்மாவின் தையல் பெட்டியைத் திறந்து, ஒரு பிடி பொத்தான்களுக்கு மையால் புள்ளி வைத்து, உள்ளே போட்டுக் குலுக்கி, மறுபடி ஒரு பிடி அள்ளி, அதில் எத்தனை புள்ளி திரும்பி வந்தது என்று பார்த்து, பெட்டியில் மொத்தம் நூற்றெண்பதிலிருந்து இருநூற்று நாற்பதுக்குள் என்றாய். நீ ஊருக்குப் போன பிறகு தரையில் கொட்டி எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்று. சும்மா சொல்லக் கூடாது, சரியாகத்தான் சொன்னாய். ஆனால் இதற்கும் அதற்கும் நடுவில் என்று விடை எழுதி ஒருத்தி பிழைக்க முடியும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை, நான் இருந்த வன ஆபீஸில் அப்படி ஒரு வரி டைப் அடித்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள். அம்மா இப்போதும் புள்ளி வைத்த பொத்தானைத் தெரியாமல் என் சட்டையில் தைத்துவிட்டு உன்னைத் திட்டுகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கவரில் ஒரு கோட்டுப் படமும் எங்கள் ஆபீஸின் பழைய பட்டியல் நகல் இரண்டு தாளும் இருந்தன. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நம் ஏரியில் மாதாமாதம் எட்டு, ஒன்பது, எட்டு என்று இருந்த நீர்நாய்கள் திடீரென்று பூஜ்யமாகி, பதினான்கு மாதம் பூஜ்யமாகவே இருந்து, பதினைந்தாவது மாதம் ஏழாக வந்து நிற்கின்றன. நடுவில் ஒன்பதாவது மாதம் ஏரியில் மீன் பிடிக்கத் தடை. தடை போட்டதால்தான் திரும்பி வந்தன என்கிறார் உன் மேலதிகாரி, அதையே சாட்சியாக வைத்து மேலே இருக்கிற பெரிய ஏரியிலும் முந்நூறு குடும்பங்கள் மீன் பிடிப்பதை நிறுத்தச் சொல்லி அறிக்கை தயாராகிறது, கணக்கைப் பார்த்து மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டியவள் நீ. ஒரே மாதத்தில் பூஜ்யம் எப்படி ஏழாகும், ஒன்று இரண்டு என்றுதானே ஏற வேண்டும், அந்த ஆபீஸில்தானே அப்பா இருந்தீங்க, ஏதாவது ஞாபகம் இருக்கா என்று கேட்டிருந்தாய். போனில் நீ கேட்டபோதெல்லாம் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று தட்டிக் கழித்தேன். உண்மையில் நகலைப் பிரித்த நிமிஷமே அது எந்தப் பட்டியல் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பட்டியலை டைப் அடித்தவன் நான்தான்.

நீ அப்போது ஐந்தாம் வகுப்பு, அப்பா ஆபீஸுக்குப் போகிறார் என்று தெரியுமே தவிர அங்கே என்ன செய்கிறார் என்று தெரியாது. ஏரியில் படகில் போய் நீர்நாய்களை எண்ணுகிறவர் எங்கள் படகுக்காரர். மாதம் முதல் தேதி நீலப் படிவத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார். நான் அதைப் பார்த்துப் பெரிய பட்டியலில் ஏற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். அங்கே ஒரு மகானுபாவர் இருந்தார், ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பிவிடுவார். என் பட்டியல் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை, அதை நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டு உனக்கும் காது புளித்திருக்கும். ஒரு மாதம் படிவத்தில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது. கோடு என்றால் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம், அடித்தேன். அடுத்த மாதமும் கோடு, அடித்தேன். இப்படிப் பதினான்கு தடவை. படிவத்தைக் கொடுத்துவிட்டு அவர் எதையோ சொல்ல வந்தவர் போல ஜன்னலில் நிற்பார். நான் நிமிராமலே "வெச்சிட்டுப் போ, வெச்சிட்டுப் போ" என்பேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவரைப் போ என்றுதான் சொன்னேன் என்பது இப்போது உறுத்துகிறது.

ஆனாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் கோடு என்றால் பூஜ்யம்தானோ, நான்தான் வீணாகக் கிலி பிடித்து அலைகிறேனோ என்று நாலைந்து நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மாடியில் ஒற்றை அறை, மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். பிளாஸ்டிக் நாற்காலியின் உடைந்த காலைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், கட்டி முடித்து அதிலேயே என்னை உட்காரச் சொன்னார், நான் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் பேசினேன். அந்தக் கோடு எதற்கு என்று கேட்டதும் யோசிக்கக்கூட இல்லை. "படகுல அடிப்பலகை விட்டுப்போச்சு சார், தண்ணி ஏறுது. புதுசு வேணும்னு எழுதிக் குடுத்தேன், வரவே இல்ல. போகாம எப்படி எண்ணுறது? போகலேன்னா கோடு போடணும்னு பழைய ஆபீசர் சொல்லிக் குடுத்திருந்தாரு, போட்டேன்" என்றார். தடை வந்த பிறகுதான் ஏரியைக் காவல் காக்க வேண்டும் என்று ஒரு படகு வந்ததாம், அதுவும் ஐந்து மாதம் கழித்து. அதில் ஏறிக் கோரைத் திட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் ஏழும் வெயிலில் படுத்திருக்கின்றனவாம். "எங்கயும் போகல சார், அங்கயேதான் இருந்துச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படகு கேட்டு அவர் எழுதிய அந்தக் காகிதமும் என் மேஜை வழியாகத்தான் போயிருக்கும், எந்தத் தட்டில் போட்டேனோ நினைவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தடை உத்தரவில் ஒன்பது மாதக் கணக்கெடுப்பில் ஒரு நீர்நாய்கூடத் தென்படவில்லை என்று இருந்ததாம். ஏரியில் எண்ணுகிறவர் யார் என்று ஊருக்கே தெரியும், அந்த ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த இருபத்தாறு குடும்பங்களும் அவருடைய சொந்தக்காரர்கள், கூடப் பிறந்த தம்பி உட்பட. நீதான் எழுதிக் கொடுத்து எங்கள் பிழைப்பைக் கெடுத்தாய் என்றார்களாம். நான் ஒண்ணுமே எழுதலையே என்று அவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. தம்பி வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் காவலாளி வேலைக்குப் போய்விட்டார், அன்று நின்ற பேச்சு, அண்ணி செத்ததற்குக்கூட வரவில்லை. "சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கும் சார், அந்தக் கோட்டப் போட்டதுதான் தப்பாப் போச்சோன்னு" என்றார். பூஜ்யம் போட்டது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், இதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இல்லை என்பது வேறு, பார்க்கவில்லை என்பது வேறு என்று நீ போனில் அடிக்கடி சொல்வாய், ஏதோ உன் வேலைச் சமாசாரம் என்று நானும் உம் கொட்டுவேன். இப்போது யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடுகிறது. தடையால் நீர்நாய்களுக்கு நல்லதுதான் நடந்தது என்றால் என் தப்பு தப்பா இல்லையா? இன்றைக்கு அந்த ஏரியில் பதின்மூன்று இருப்பதாகச் சொல்கிறாய், அது தடையால் வந்ததா, தடை இல்லாமலே வந்திருக்குமா, அதை யார் கண்டது? நான் உண்மையைச் சொல்லி உன் அறிக்கை நின்றுபோனால் மேலதிகாரி உன்மேல் பாய்வாரா? அப்பன் செய்ததற்குப் பெண் வேலைக்கு ஆபத்து வந்தால் நான் என்ன செய்வேன்? சொல்லாவிட்டால் அந்த முந்நூறு குடும்பம்? இதையெல்லாம் அம்மாவிடம் புலம்பினேன். அவள் குளியலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே, "கணக்கு வழக்கெல்லாம் அவ பாத்துக்குவா. நீங்க முதல்ல அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லுங்க, சொல்லாம சாப்பிட வந்து உக்காராதீங்க" என்றாள். நிஜமாகவே தட்டு வைக்கவில்லை.

நேற்று மறுபடி போனேன். திட்டுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். நின்றுகொண்டே சொன்னேன், உங்கள் கோட்டைப் பூஜ்யமாக மாற்றியது நான், யாரையும் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவில்லை என்று. புரியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். நகலை வாங்கி அந்தப் பூஜ்யங்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே போனார். அப்புறம் நிமிர்ந்து, "அப்போ நான் எழுதினது சரிதானே சார்?" என்று கேட்டார். சரிதான், பதினான்கும் சரிதான் என்றேன். "சரிதானே?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவ்வளவுதான் சின்னவளே. அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டு, சர்க்கரை போடலாமா, உடம்புக்கு ஒத்துக்குமா என்று என்னைக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நாசூக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. இரண்டு நகலிலும் ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் பக்கத்தில், படகு இல்லாததால் எண்ணவில்லை, பூஜ்யம் போட்டது தட்டச்சரின் தவறு என்று எழுதி, என் பேரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதை அப்படியே உன் மேலதிகாரியிடம் காட்டு. எழுதியவர் உன் அப்பா என்பதையும் மறைக்காதே, அவர் ஏதாவது கேட்டால் என்னைக் கூப்பிடச் சொல். பெரிய ஏரியை மூடலாமா கூடாதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, நீர்நாய் பக்கம் நிற்பதா மீன் பிடிக்கிறவர்கள் பக்கம் நிற்பதா என்றும் தெரியவில்லை, நீ படித்தவள். யாராவது ஒருத்தர் ஒழுங்கான படகில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அதற்கு அப்புறம் நீ கையெழுத்துப் போடு.

படகுக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம், அவருக்கு எண்கள் எழுத வரும், வரி எழுத வராது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறார், நான்தான் எழுதித் தர வேண்டும். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் சொன்னதையெல்லாம் டைப் அடித்தவனுக்கு இதற்கு முதல் வரி வரவில்லை. அண்ணன் எழுதுவது போலத் தொடங்கி, நடுவில் நான் வந்து தப்பை ஒப்புக்கொள்வதா, அல்லது முழுக்க நானே எழுதுவதா? உனக்கு ஏதாவது தோன்றினால் போனில் சொல், இதற்கு மட்டும் நடுவில் பேசலாம்.

நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், உன் வேலையும் உன் நிம்மதியும் உன்னைவிட்டுப் போகக் கூடாது, அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். பல் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்றும் கேட்கிறாள், பார். மறக்காமல் செய்ய வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்ப, படகுக்காரர் எழுதிக் கொடுத்த படிவம் பதினான்கு மாதமும் சரியானது என்று உங்கள் அமைப்பின் பேர் அச்சடித்த தாளில், முத்திரையோடு, பெரிய எழுத்தில் ஒரு நாலு வரி வேண்டும். வழக்கமான தபாலில் போடாதே, விரைவுத் தபாலில் போடு. அவருக்கு எழுபது வயது, தம்பிக்கு அறுபத்தாறு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா