உன் மாமாவின் கண்ணும் கெளுத்திக் காலமும்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் போனால் எனக்கே சிரிப்பு வருகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மண்டைதான் கொதிக்கிறது. போனில் கொட்டித் தீர்க்கலாம் என்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைச் சொல்ல. அதனால்தான் கடிதம். அவர் இப்போது தூண்டிலோடு ஆற்றங்கரையில் இருக்கிறார், வேறெங்கே இருப்பார். ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு வருடத்தில் மூன்றே காலம்தான், வெயிலில் கெண்டை, மழைக்கு முன்னால் கடல் பக்கத்திலிருந்து ஏறி வருகிற கொடுவா, மழைத்தண்ணீர் கலங்கி ஓடும்போது கெளுத்தி. சமையலறைக் காலண்டரில் நான் குறித்து வைத்த மாத்திரைத் தேதியின் மேலேயே மீன் படம் வரைந்திருக்கிறார். ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் ஒரு டப்பா, திறந்தால் மண்புழு. கேட்டால் "மூடிதானே வச்சிருக்கேன்" என்கிறார். இதெல்லாம் பழகிப்போனதுதான், இதற்காகப் பேனாவை எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் பழைய பாலத்துக்குக் கீழே அப்பாவின் தூண்டிலில் பெரிய கொடுவா ஒன்று மாட்டியிருக்கிறது. எவ்வளவு பெரிது என்று கேட்காதே, ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சாண் வளர்கிறது. அரை மணி நேரம் விட்டு இழுத்து, விட்டு இழுத்துக் கரையோரம் கொண்டுவந்துவிட்டார். கோரி எடுக்கிற வலை உன் மாமா கையில். மாமா வலையை மீன் இருந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போட, வலையின் வளையம் தூண்டில் நரம்பில் பட்டு நரம்பு அறுந்து மீன் போயே போய்விட்டது. அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருக்கிறார்கள். அத்தனை பேர் முன்னாலும் உன் அப்பா, முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த தொண்டையாயிற்றே, "பொறாமையில வேணும்னே விட்டுட்டே" என்று கத்தியிருக்கிறார். மாமா வலையைக் கரையில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று வாரம் என் பாடு சொல்லி மாளாது. இவர் இந்தக் கரையில், அவர் அந்தக் கரையில். நடுவில் நான் ஒரு தபால்காரி. "என் தூண்டில் ஈயக்குண்டு டப்பாவைக் குடுக்கச் சொல்லு அவன்கிட்ட" என்று இவர், "அது நான் வாங்கினதுன்னு அத்தான்கிட்ட சொல்லுக்கா" என்று அவர். இதற்கிடையில் அப்பாவின் புது பேன்ட்டை நீளம் குறைக்க மாமாவின் தையல் கடையில் கொடுத்திருந்தேன், வந்ததைப் போட்டுப் பார்த்தால் ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டை. "பாத்தியா, பழி வாங்குறான்" என்று இவர் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். எனக்கும் கோபம் வந்துவிட்டது, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று நேரே கடைக்குப் போனேன். வாசலில் நின்றேன். மூன்று எட்டு தூரம் இருக்கும், நல்ல வெளிச்சம். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்து "யாருங்க, என்ன வேணும்" என்று கேட்டான் என் கூடப் பிறந்தவன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மெஷின் பக்கத்தில் ஒரு தலையணையில் இருபது ஊசி, ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல் கோத்துக் குத்தியிருக்கிறது. உன் அத்தை வேலைக்குப் போகுமுன் தினமும் கோத்து வைத்துவிட்டுப் போகிறாளாம். தையல் நேராகப் போகிறதா என்று கட்டைவிரலால் தடவித்தான் பார்க்கிறான். கறுப்புத் துணிக்கு நீல நூல் ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நாளா இப்படி என்றேன். இரண்டு வருடமாம். அத்தானிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "பொறாமைக்காரன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்கா. கண்ணு தெரியாதவன்னு வெளியில வந்துட்டா எவன் எங்கிட்ட துணி குடுப்பான்" என்றான். எனக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், இன்னும் தள்ளிப்போட்டால் செய்வது கஷ்டம் என்று டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். ஒரு வியாழக்கிழமையாகப் பார்த்துத் தேதி கொடுத்தார்கள்.

வாக்குக் கொடுத்தபடி நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிறு உன் அப்பாவே கண்டுபிடித்துவிட்டார். அவருக்குத் தூரப்பார்வை இன்னும் கழுகுதான், தன் தூண்டிலைவிட எதிர்க்கரையைத்தானே தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் தக்கை தண்ணீருக்குள் போயிருக்கிறது, வந்திருக்கிறது, மறுபடியும் போயிருக்கிறது. மாமா அதையே பார்த்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார். "மச்சான், இழுடா! தக்கை உள்ள போயிடுச்சுடா!" என்று இவர் கத்திய பிறகுதான் இழுத்தாராம், அதற்குள் இரையும் போச்சு மீனும் போச்சு. உன் அப்பா தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பாலத்தைச் சுற்றி அந்தக் கரைக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் மேஜை முன்னால் உட்கார்ந்து "உனக்குத் தெரியுமா" என்று கேட்டார். தெரியும் என்றேன். "எங்கிட்ட ஏன் சொல்லலே?" "காதுல வாங்கிக்கிற மாதிரியா இருந்தீங்க?" என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் படகுத்துறைக்குப் போய் அந்த ஏழெட்டுப் பேரையும் தேடிப் பிடித்து, மச்சான் வலை போட்டது சரிதான், நான்தான் அவசரப்பட்டு நரம்பைச் சுண்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. அதைக் கேட்ட அன்றைக்கு அவர் கேட்காமலேயே இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன், பொய் சொல்வானேன்.

ஆனால் இந்த நல்ல மனதெல்லாம் மூன்றே நாள்தான். வியாழக்கிழமை துண்டு, பிளாஸ்க், ரிப்போர்ட் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கு மாமா வீட்டுக்குப் போனால் பூட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் கவுன்டரில் இருந்த பெண் "நேத்தே ரெண்டு பேர் சேர்ந்து வந்து தேதியைத் தள்ளிப் போட்டுட்டுப் போனாங்களேம்மா" என்கிறாள். இரண்டு பேர்! எங்கே இருப்பார்கள் என்று கேட்கவா வேண்டும். பாலத்துக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாமாவுக்குத் தக்கை தெரியாது என்று உன் அப்பா தூண்டில் நுனியில் ஒரு சின்ன மணி கட்டிக் கொடுத்திருக்கிறார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். "கெளுத்தி ஏறுறது கொஞ்ச நாள்தான், கண்ணு எங்கே போயிடப் போவுது" என்றார் உன் அப்பா. மண்புழு டப்பாவை எடுத்து ஆற்றில் வீசிவிட்டேன். அப்போதுதான் மாமா மெல்லச் சொன்னார், "அவரைத் திட்டாதேக்கா, நான்தான் கேட்டேன். ஆபரேஷன் சரியா வரலேன்னா என்ன பண்றது? இந்தக் கலங்கல் தண்ணியாவது தெரியுதே, ஒரு தடவை உக்காந்துட்டு வந்துடறேன்." நான் இன்னும் சத்தமாகத் திட்டிவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து "அக்கா, பாத்துப் போ, படி வழுக்கும்" என்று குரல் வருகிறது. எனக்குச் சொல்கிறான், அவன்.

அவர்கள் வாங்கிய தேதி ஆறு வாரம் தள்ளி. நான் கவுன்டர் பெண்ணிடம் கெஞ்சிக் கூத்தாடி அடுத்த மாதம் மூன்றாம் தேதிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அதற்குள் மழை நின்று தண்ணீர் தெளிந்துவிட்டால் கெளுத்தி ஓடிவிடும், நிற்காவிட்டால் என்ன சாக்குச் சொல்வார்களோ தெரியாது. உன் அப்பாவை நம்பிப் பிரயோசனம் இல்லை, செய்த தப்புக்கு ஈடாக மச்சான் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறார். நீதான் மாமாவிடம் பேச வேண்டும். அழாதே, கொஞ்சாதே, எனக்காக என்று சொல்லாதே. உன் மாமியாருக்கு இரண்டு கண்ணும் போன வருடம் செய்தார்களே, அவரையே போனில் பேசவிடு. உள்ளே என்ன செய்தார்கள், வலித்ததா, கட்டைப் பிரித்ததும் முதலில் என்ன தெரிந்தது, எல்லாவற்றையும் சொல்லட்டும். பயந்தவனுக்கு என்னை மாதிரிக் கத்துகிறவள் உதவ மாட்டாள், போய்விட்டு வந்தவர்தான் உதவுவார். இது எனக்கு இவ்வளவு கத்திய பிறகுதான் உறைக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையையும் மாமியாரையும் கேட்டதாகச் சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் தேதி வரை பொறுக்காதே, இரண்டாம் தேதி சாயங்காலமே போன் செய். வீட்டுக்கு வேண்டாம், மாமா கடைக்குச் செய்.

இப்படிக்கு,
உன் மாமாவை இந்தத் தடவை கையைப் பிடித்து இழுத்தாவது கூட்டிப்போகப் போகும்
அம்மா