இருபத்திரண்டு நாள் துரு

2007 நவம்பர் 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கடையைத் திறக்கவேண்டாம் என்றேன். என் மனுசன் கிளெமென்ற் கேட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை பிரேக் சாமான் வாங்க எந்த மடையன் கொட்டாஞ்சேனைக்கு வருவான்?

வந்தான் ஒருவன். ஹயர் கார் ஓட்டும் பாயிஸ். நாங்கள் போன மாதம் விற்ற டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டுவந்து கவுண்டரில் எறிந்தான். கவுண்டர்க் கண்ணாடி தூள்.

"துருப் புடிக்காதுன்னு சொல்லித்தானே வித்தீங்க? இது என்ன, செம்பருத்திப் பூவா?"

நான் வீல் ஸ்பேனரைத் தூக்கிவிட்டேன். அவன் என் கையை முறுக்கினான். காதோடு சேர்த்து ஒன்று கொடுத்தேன், இரத்தம் வந்தது. நடுவில் புகுந்த கிளெமென்ற் இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகுதான் டிஸ்க்கைப் பார்த்தோம். பிரேக் பேட் உரசும் முகத்தில் மட்டும் துரு. விளிம்பும் நடுக்கிண்ணமும் கறுப்புப் பூச்சோடு புதிதாகவே இருந்தன. பிரேக் அடித்த முதல் நாளே உரசும் இடத்தில் பூச்சுப் போய்விடும். அதற்குப் பிறகு கார் நின்றால் அந்த முகம் துருப்பிடிக்கும், ஓடினால் பேட்டே துடைத்துவிடும். "மெல்ல ஓட்டி மூண்டு நாலு தரம் பிரேக்கை அமத்து, துரு போயிடும்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பல்லைக் கடித்துக்கொண்டு பாயிஸுக்கும் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டு போனான்.

நவம்பர் 5

கிளெமென்ற்றுக்கு ரோசம். துருப் பிடிக்காது என்று பெட்டியில் எழுதியிருப்பது மெய்யா பொய்யா என்று பார்க்கவேணுமாம். வெள்ளவத்தையில் அருளக்கா வீட்டு மொட்டைமாடிக்குப் போனோம். ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், அந்த உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகூட நாலு வருசம் தாங்காது. பூச்சில்லாத டிஸ்க் ஒன்று, பூச்சுள்ளது ஒன்று, இரண்டையும் கயிற்றில் தொங்கவிட்டோம். நிறுத்திவைத்த கார் மாதிரி இரண்டிலும் பழைய பேட்டை வைத்து இறுக்கினார். பூச்சுள்ளதன் முகத்தை அரத்தாளால் தேய்த்தும் விட்டார்.

"என்ன, கோயில் மணி கட்டுறீங்களா?" என்றார் அருளக்காவின் மனுசன் சவுந்தரநாயகம் அத்தான்.

துருவைப் பார்த்து எழுதும் வேலை எனக்கு. எங்கள் காருக்கும் அதே பூச்சு டிஸ்க்கைப் போட்டாயிற்று.

நவம்பர் 6

பூச்சில்லாதது: முழுக்கச் செம்மஞ்சள், விரலில் ஒட்டுகிறது. பூச்சுள்ளது: தேய்த்த முகத்தில் மட்டும்.

நவம்பர் 15

மழை. முகம் இரண்டிலும் துரு கறுத்துத் தடிக்கிறது. விளிம்பில் பூச்சு அசையவில்லை.

நவம்பர் 27

இருபத்திரண்டாம் நாள். இரண்டு பேரும் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். முகத்தில் நகத்தால் கீறினால் துரு செதில் செதிலாக விழுகிறது. பேட்டை எடுத்தால் அது இருந்த இடம் அச்சுக் குத்தின மாதிரி சுத்தமாக இருக்கிறது, சுற்றிவர ஒரு தடித்த கோடு. பூச்சுள்ளதன் விளிம்பு மட்டும் இன்னும் கறுப்பு.

"பாத்தியா? நல்ல சாமான்தான்" என்றார் கிளெமென்ற். ஓம், நல்ல சாமான்தான். ஒத்துக்கொண்டேன். இந்த மனுசனிடம் வருசத்துக்கு ஒருக்கால் தோற்கலாம்.

நவம்பர் 28

நுகேகொடையில் குண்டு. டிவியில் செருப்புகள், புத்தகப் பை ஒன்று, இரத்தத்தில் நடந்த கால்தடங்கள். சாமான் கொடுக்கப் போன கிளெமென்ற் அரை மணித்தியாலத்துக்கு முன்தான் அங்கிருந்து வெளிக்கிட்டாராம். 

"இனித் தமிழாக்களைச் சும்மா விடமாட்டாங்கள்" என்றார்.

நவம்பர் 30, வெள்ளி

கிளெமென்ற்றைக் கொண்டுபோய்விட்டார்கள்.

எழுதவேணும். எழுதாட்டி மறந்துபோகும். மறப்பேனா? எழுது, செலீன்.

பின்னேரம் நாலு மணிக்கு பாயிஸ் ஓடிவந்தான். களனியில் பட்டப்பகலில் பார்த்தானாம். "அக்கா, வெள்ளை வான் ஒண்டு அண்ணன்ட காருக்குக் குறுக்கால வந்து நிண்டது. அஞ்சு பேர். அண்ணனை இழுத்து எறக்கி மொகத்தைப் பொனட்டுல அடிச்சானுங்க. ரெண்டு தரம், மூணு தரம். சத்தம் எனக்குக் கேட்டிச்சி அக்கா. காலைப் புடிச்சி வானுக்குள்ள இழுத்தானுங்க. ஒருத்தன் உங்கட காரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனான்."

"நீ என்னடா செஞ்சனி?"

"துவக்கு வச்சிருந்தானுங்க அக்கா."

அடித்தேன். அதே காதில். இந்த முறை அவன் கையைத் தூக்கவில்லை, நின்று வாங்கினான். பிறகு இரண்டு பேரும் கடை வாசலில் இருந்து அழுதோம்.

டிசம்பர் 1

களனிப் பொலிஸில் முறைப்பாடு எடுக்கவில்லை. "உன் மனுசன் கொட்டியா. காட்டுக்குப் போயிருப்பான்" என்று சிங்களத்தில் சொன்னான் பெரியவன். பதினேழு வருசமாக டிஸ்க் விற்கிற மனுசன், பல்லியைக் கண்டாலே கட்டிலில் ஏறுவார், அவர் புலியாம்! மேசையில் குத்தினேன். பொம்பிளைப் பொலிஸ் ஒருத்தி புறங்கையால் அறைந்தாள். கீழுதடு கிழிந்து முன்பல் ஆடுகிறது.

திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவரைத் தேட யார் இருப்பார்?

டிசம்பர் 2

வெள்ளவத்தையில் ஆமியும் பொலிஸும் சுற்றிவளைப்பு. மொட்டைமாடிக்கு ஏறினவன் தொங்கின டிஸ்க்குகளைக் கண்டு கண்ணிவெடி என்று நினைத்து "மைன்ஸ்! மைன்ஸ்!" என்று கத்தியிருக்கிறான். எல்லோரும் கீழே விழுந்து படுத்தார்களாம். பிறகு அத்தானை முட்டியில் இருத்தி, துவக்குப் பிடியால் முதுகில் அடித்து, இரண்டு டிஸ்க்கையும் கயிற்றோடு அவர் கழுத்தில் மாட்டி, காலி வீதி நெடுக நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்று ஏழு கிலோ. ஐம்பத்தெட்டு வயது மனுசன்.

அருளக்கா போனில் அலறினாள்: "உன்ர புருசன்ர விளையாட்டால என்ர மனுசன் சாகப்போறார்டி!"



டிசம்பர் 4

அத்தானை விட்டுவிட்டார்கள். நாலு விலா எலும்பு. கழுத்தைச் சுற்றிக் கயிறு அறுத்த புண். டிஸ்க்குகள் திரும்பி வரவில்லை.

டிசம்பர் 11

லோயர் முத்துலிங்கம் வழக்குப் போடலாம் என்கிறார். பாயிஸ் சாட்சி சொல்லச் சம்மதம். ஆனால் "ஒருத்தற்ற வாய் காணாது. உங்கட கார் அண்டைக்கே பொலிஸ்காரங்கட கைக்கு வந்ததெண்டு காட்ட வேறை ஏதாவது வேணும். காரைக் காட்டினா ஆள் எங்கயெண்டு அவங்கள் பதில் சொல்லத்தான் வேணும்."

கார் எங்கே என்று யாருக்குத் தெரியும்?

டிசம்பர் 22, சனி



காலையில் பொலிஸிலிருந்து போன் வந்தது. கார் கிடைத்துவிட்டதாம், வந்து எடு. போனேன். பொலிஸ் வளவுக்குள், மதில் ஓரமாக எங்கள் கார். பொனட்டில் ஒரு நெளிவு. அது என்னவென்று எனக்குத் தெரியும். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"நேற்றுத்தான் ரோட்டோரம் கண்டெடுத்தோம். நேற்றுவரை உன் மனுசன் ஓட்டித் திரிந்திருக்கிறான். உன்னை விட்டுட்டு வேறு ஒருத்தியோடு போயிட்டான்" என்றான் பெரியவன். அதைத்தான் கடிதாசியிலும் எழுதிவைத்திருந்தான்.

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தேன். சில்லு இடைவெளியால் டிஸ்க் தெரிந்தது. கபில நிறச் செதில். விரலை விட்டுக் கீறினேன், உதிர்ந்தது. பேட் ஓரத்தில் அந்தத் தடித்த கோடு. மொட்டைமாடியில் இருபத்திரண்டாம் நாள் பார்த்த அதே துரு. கடற்காற்று இல்லாத இந்த வளவில் துரு இன்னும் மெல்லத்தான் பிடிக்கும். நேற்று ஓடின காரா இது? நவம்பர் முப்பதாம் திகதியிலிருந்து இஞ்சதான் நிக்குது! நேற்று ஓடியிருந்தால் அந்த முகம் கண்ணாடி மாதிரி மின்னும்.

சத்தம் போடவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். "அத்சன் கரன்ன, நோனா" என்று பேனாவை நீட்டினான். கையெழுத்து வைக்காவிட்டால் கார் இல்லையாம். வைத்தேன். கடிதாசியில் பொய் இருந்தால் என்ன, சில்லில் உண்மை இருக்கிறதே. நேரே முத்துலிங்கத்தாரிடம் கொண்டுபோய்க் காட்டவேணும் என்ற ஒரே நினைப்பில் திறப்பை வாங்கி ஓட்டினேன்.

வாசலில் இரும்புப் பீப்பாய்கள். பிரேக்கை அமத்தினேன். கர்ர்ர் என்றது.

துருச் சத்தம். உடனே கால் தானாகவே போயிற்று. மெல்ல ஓட்டி, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மாதிரியே. சத்தம் நின்றது. "ஆ, சரி" என்றுகூட வாயால் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் விளங்கிற்று.

டிசம்பர் 23

கொள்ளுப்பிட்டியில் முத்துலிங்கத்தார் வீட்டு வாசலில் சில்லைக் கழற்றினோம். முகம் பளபளவென்று மின்னியது. "ஓரத்தில, விளிம்பில ஏதாவது மிஞ்சேல்லையா?" என்று கேட்டார். விளிம்பில்தான் பூச்சு இருக்கிறதே, லோயர்! பூச்சில்லாத மலிவு டிஸ்க்காக இருந்திருந்தால் விளிம்பிலும் துரு பிடித்திருக்கும். அதை எந்தப் பிரேக்கும் துடைத்திருக்காது. நல்ல சாமான். துருப் பிடிக்காத சாமான். நாங்களே போட்டது.

வீட்டுக்கு வந்து வீல் ஸ்பேனரை எடுத்து முன்கண்ணாடியை அடித்தேன். பக்கக் கண்ணாடி. விளக்குகள். பிறகு என் வலது காலை. பாயிஸ்தான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துப் பறித்தான்.

டிசம்பர் 24

பெருவிரல் உடைந்திருக்கிறது. மாவுக்கட்டு. நத்தார்ப் பூசைக்குப் போகவில்லை. ஆண்டவரோடு கதைக்க எனக்கு ஒன்றுமில்லை.

2008 ஜனவரி 19

காரைத் திருத்தவில்லை. பாயிஸ் தினமும் வருகிறான், கவுண்டரில் நிற்கிறான், போகிறான். கிளெமென்ற்றின் தேத்தண்ணிக் கோப்பையை யாரும் தொடக்கூடாது என்று அவனுக்கும் தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

மூன்று நாளைக்கு முன் இரத்தினம்மா என்று ஒரு மனுசி வந்தாள். ஹட்டன் பக்கம், இங்கே ஒரு வீட்டில் சமையல். மகன் இராமர் டெலிவரி வான் ஓட்டினவன். பெப்ரவரி ஏழாம் திகதி வானோடு காணாமல் போனான். அவளுக்கு என் கதையை முத்துலிங்கத்தார் சொல்லியிருக்கிறார். "போலீசில கூப்புட்டுச் சொன்னாங்கம்மா, வான் கெடச்சிருச்சாம். நான் போயி எடுத்துரட்டுமா?"

அதே வளவு. அதே "நேற்றுத்தான்".

"தொடாதீங்க! ஒருத்தரையும் ஓட்ட விடாதீங்க!" என்று கத்திவிட்டேன். பயந்துபோனாள், பாவம். பிறகு இருத்தித் தேத்தண்ணி கொடுத்துச் சொன்னேன்.

இன்று காலை போனோம். பாயிஸ் பழுது வண்டி இழுக்கும் லொறியோடு வந்தான். பெரியவன் திறப்பை நீட்டி, ஓட்டிக்கொண்டு போ என்றான். "பிரேக் நே, சேர்" என்றேன், பிரேக் இல்லை என்று. சிரித்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. எத்தனை பொம்பிளைகளைக் கண்டிருப்பான்! முன்சில்லு இரண்டையும் நிலத்தில் படாமல் தூக்கி, களனியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரைக்கும் நடை வேகத்தில் கொண்டுவந்தோம். வானின் பிரேக்கை ஒருக்காலும் அமத்தவில்லை. வழி நெடுக இரத்தினம்மா என் கையைப் பிடித்தபடி இருந்தாள்.

சில்லைக் கழற்றினோம். செதில், பேட் அச்சு, தடித்த கோடு, எல்லாம் அப்படியே. இன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து முப்பத்தாறு படம் எடுத்தோம்.

"எத்தனை நாள் துரு எண்டதுக்கு என்ன கணக்கு, செலீன்?" என்று முத்துலிங்கத்தார் கேட்டார்.

இந்தக் கொப்பிதான். வேறு எங்கே இருக்கிறது? நாளைக்கு இதை நீதிமன்றத்துக்குக் கொடுக்கவேணும். கிளெமென்ற்றைத் திட்டின பக்கங்களும் பாயிஸை அடித்த பக்கமும் இதில் கிடக்கின்றன. கிழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், ஒரு தாள் குறைந்தாலும் திகதிகளை நம்பமாட்டார்கள் என்றார். வாசிக்கட்டும்.

கிளெமென்ற் போய் இன்றைக்கு நூறு நாள். பாயிஸ் வாசலில் லொறியோடு நிற்கிறான், கடைக்குப் போய்ப் புதுக் கொப்பி ஒன்று வாங்கவேணும்.