பேசினேன், பேசினாய், பேசினான்

ஸ்பெயின் வாழ்க
இத்துர்ரால்தே வீடு, 9 பிப்ரவரி 1941

மதிப்பிற்குரிய கணவர் இலாரியோ அவர்களுக்கு,

தங்கள் மனைவி கசில்டா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற மாதம் சிறைக்கு வந்தபோது தங்களுடன் ஒரு வார்த்தைகூடப் பேச இயலாமற்போனமைக்கு வருந்துகிறேன்.

தங்கள் இருபதாண்டுத் தண்டனையை மறு ஆய்வு செய்யும் குழு ஜூன் 17ஆம் நாள் கூடுகிறது. என்னையும் விசாரிப்பார்கள். எனக்கு ஸ்பானிஷ் தெரியாததால், தங்கள் சித்தப்பா மகன் பிளாசிதோ அவர்கள் மொழிபெயர்ப்பாளராக உடன் வர இசைந்துள்ளார். மரவாடியில் தங்களுடைய மேஸ்திரி பொறுப்பையும் அவரே செவ்வனே கவனித்துவருகிறார். நம் குடும்பத்துக்கு அவர் செய்யும் உதவிகளைத் தாங்கள் என்றும் மறக்கலாகாது.

தங்கள் பணிவுள்ள மனைவி,
கசில்டா
(எழுதியவர்: பிளாசிதோ)


ஸ்பெயின் வாழ்க
சிறை, நான்காம் கொட்டடி, 2 மார்ச் 1941

கசில்டா,

உறையின் மேல் ரயில்வே கேட்காரர் மனைவி பிராக்ஸேதஸ் அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன். உன்னிடம் தினமும் பால் வாங்குகிற, ஸ்பானிஷ் பேசும் அந்த சோரியா ஊர்க்காரிதான். அம்மா, பத்து வருடமாக எங்கள் சந்தையில் முட்டைக்குப் பேரம் பேசியவர் நீங்கள், எங்கள் பாஸ்க் மொழி உங்களுக்குப் பாதியாவது வரும். இங்கிருந்து ஸ்பானிஷில் மட்டுமே எழுத விடுகிறார்கள், இதை என் மனைவிக்கு எங்கள் மொழியில் படித்துச் சொல்லுங்கள். பிளாசிதோவுக்குக் காட்ட வேண்டாம். இடையில் படிக்கிற தணிக்கை ஐயாவுக்கும் என் வணக்கம். இதில் வெறும் இலக்கணப் பாடம்தான் இருக்கிறது.

தாங்களா? பணிவுள்ள மனைவியா? கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நீ என்னைத் தாங்கள் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. என்மேல் கரண்டியை வீசியவள் நீ. அந்தக் கடிதத்தில் உன் வாசனையே இல்லை.

அன்று நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு நாள் ரயிலில் வந்து கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்றாய். நம் மொழியில் வாயைத் திறந்தாய். நடுவில் உலாத்திய காவலன், "கிறிஸ்தவங்க பேசுற பேச்சு பேசு, இல்லேன்னா வெளியே போ" என்று கத்தினான்; அவனுக்கு அது ஸ்பானிஷ் மட்டும்தான். மீதிப் பத்து நிமிடமும் நீ என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

உனக்கு எழுத்து தெரியும், ஜெபப் புத்தகம் படிப்பாய். தெரியாதது இவர்கள் மொழிதான். ராணுவத்தில் உதை வாங்கி நான் கற்றதை உனக்குக் காகிதத்திலேயே தருகிறேன். ஒரே ஒரு வினைச்சொல். பேசு. சாதுவான சொல், முரண்டு பிடிக்காது. இதைப் பழக்கிவிட்டால் வேலை செய், கழுவு, காத்திரு என்று ஒரு மந்தையே இதன் பின்னால் வரும்.

நான் பேசுகிறேன்: அப்லோ. நீ பேசுகிறாய்: அப்லாஸ். அவன் பேசுகிறான்: அப்லா. எழுதும்போது முன்னால் ஓர் எழுத்து நிற்கும், அதற்குச் சத்தமே கிடையாது. பேசு என்ற சொல்லுக்கே முதல் எழுத்து ஊமை, இவர்கள் லட்சணம் அப்படி.

கற்றுக்கொண்டு நீயே எழுது. எத்தனை தப்பு இருந்தாலும் பரவாயில்லை.

இலாரியோ


ஸ்பெயின் வாழ்க
இத்துர்ரால்தே, 30 மார்ச் 1941

இலாரியோ,

நான் எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். பிளாசிதோ எழுதுவதில்லை. பிராக்ஸேதஸ் பக்கத்தில் உட்காருகிறாள், சத்தம் போடுகிறாள், என் பாலைக் குடிக்கிறாள்.

போன வாரம் மாடு கன்று போடுகிறது. பெட்டைக் கன்று. போன மாதம் மழை பெய்கிறது, கூரை ஒழுகுகிறது, நான் ஏறுகிறேன், விழுகிறேன். இப்போது கால் வலிக்கிறது. நீ சிரிக்காதே. எனக்கு நிகழ்காலம் மட்டும் தெரிகிறது. நேற்று, நாளை எல்லாம் உன்னிடம் இருக்கிறது. அனுப்பு.

நான் கன்றோடு பேசுகிறேன். கன்று பேசுவதில்லை. நான் கோழியோடு பேசுகிறேன். பிளாசிதோ வருகிறான், "என்ன அண்ணி, தனியா உளர்றீங்க?" என்று கேட்கிறான். நான் ஜெபம் என்று சொல்கிறேன்.

நீ என்ன கேட்கிறாய்? ஒன்று கேட்க வேண்டும் என்று எழுதுகிறாய். கேள்.

கசில்டா


ஸ்பெயின் வாழ்க
சிறை, 20 ஏப்ரல் 1941

கசில்டா,

உன் கடிதத்தைக் கொட்டடியில் எல்லோருக்கும் படித்துக்காட்டினேன். "போன வாரம் மாடு கன்று போடுகிறது" என்றதும் ஒருத்தன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டான். நானும் சிரித்தேன். இங்கே வந்தபின் அதுதான் முதல் சிரிப்பு.

இறந்தகாலம் அனுப்புகிறேன். பின்பக்கம் முழுக்க அதுதான். பேசினேன், பேசினாய், பேசினான். பேசினேன், பேசினான் இரண்டிலும் கடைசி எழுத்தின் மேல் ஒரு சின்னக் கோடு வரும், அங்கே குரலை அழுத்து.

வீட்டுப்பாடம் இது. 1939 நவம்பரில் நீ என்னென்ன செய்தாய்? யார் யாரோடு பேசினாய்? என்ன பேசினாய்? பத்து வாக்கியம். ஒன்றையும் விடாதே. மாடு, கோழி வேண்டாம், மனிதர்களைப் பற்றி எழுது. உடனே எழுது.

இலாரியோ


ஸ்பெயின் வாழ்க
இத்துர்ரால்தே, 18 மே 1941

இலாரியோ,

வீட்டுப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் நீ கேட்ட பத்து வாக்கியம் இதுவல்ல. பொறுமையாகப் படி.

செவ்வாய்க்கிழமை குழுவிலிருந்து தபால் வந்தது. ஜூன் 17ஆம் தேதி வரச் சொல்லி ஒரு தாள், அதோடு இன்னொரு தாளின் நகல். அந்த நகலின் அடியில் என் கையெழுத்து இருந்தது. நான் எப்போது இவர்களுக்கு எழுதினேன் என்று திகைத்தேன். பிளாசிதோ அன்றே வந்தான். "உங்களுக்கெதுக்கு அண்ணி இந்த வம்பெல்லாம்? அங்க வந்து தலைய மட்டும் ஆட்டுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். தாள் எங்கே என்று கேட்டான். அதை வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

அவன் போனதும் கதவைத் தாழிட்டுப் படித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. நாலாவது வரியில் ஒரு சொல்லின் கடைசி எழுத்தின் மேல் அந்தச் சின்னக் கோடு. அவன் பேசினான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போனேன். புரியாத இடத்தைப் பிராக்ஸேதஸ் சொன்னாள்.

"என் கணவர் எங்கள் சமையலறையில், மலையில் பதுங்கியிருந்து இறங்கி வந்த கலகக்காரர்களோடு பேசினார். மரவாடிக்குத் தீ வைப்பது பற்றிப் பேசினார். இதை நான் என் காதால் கேட்டேன்." கீழே கசில்டா. 1939 நவம்பர் 14.

இப்போது வீட்டுப்பாடம். பேசு வழியில் நடக்கிற எல்லாச் சொல்லையும் பழக்கலாம் என்றாயே. நான் கையெழுத்திடு என்பதைப் பழக்கினேன்.

நவம்பரில் பிளாசிதோ வந்தான். சர்க்கரை அட்டைக்கு என்று சொன்னான். தாளை நீட்டினான். நான் கையெழுத்திட்டேன். படிக்காமல் கையெழுத்திட்டேன். படித்திருந்தாலும் புரிந்திருக்காது. நான் யாரோடும் பேசவில்லை. நீயும் அப்படிப் பேசவில்லை. மரவாடி எரிந்த அன்று நீ காய்ச்சலில் கிடந்தாய், நான் உன் நெற்றியில் ஈரத்துணி வைத்தேன்.

இலாரியோ, உன்னை உள்ளே போட்டது என் கை. எனக்குச் சோறு இறங்கவில்லை. 17ஆம் தேதி மறுபடி அவனே எனக்குப் பதிலாகப் பேசுவான். பிராக்ஸேதஸைக் கூப்பிட்டால், "என் புருஷனோடது சர்க்கார் வேலைடி, என்னை விட்டுடு" என்று அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்? சொல்.

கசில்டா


ஸ்பெயின் வாழ்க
சிறை, 1 ஜூன் 1941

என் கசில்டா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அதைவிடக் கேவலம்.

அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் விசாரணையில் அதை உரக்கப் படித்தார்கள். உன் கையெழுத்தை என் கண்முன் நீட்டினார்கள். எனக்குத் தெரியாத கையெழுத்தா? அன்றிலிருந்து ஒன்றரை வருடம் ஒரே கேள்வியோடு படுத்தேன், எழுந்தேன். இவள் பேசினாளா? நீ பார்க்க வந்த அன்று நான் வாய் திறக்காததற்குக் காவலன் மட்டும் காரணமில்லை. நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் பொத்தானைப் பார்த்தாய். குற்றமுள்ளவள், அதனால்தான் கண்ணைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

உன்னைக் காதலித்து அனுப்பிய பாடமில்லை அது. எத்தனையோ சொல் இருக்க, பேசு என்பதை ஏன் எடுத்தேன் தெரியுமா? இறந்தகாலம்வரை உன்னை நடத்திக் கொண்டுவந்து, உன் கையாலேயே பதில் வாங்கத்தான். பாடம் சொல்லித்தருகிறவன் மாதிரி உட்கார்ந்துகொண்டு உன்னை விசாரித்தேன். பிளாசிதோ செய்ததும் இதைத்தானே, உனக்குத் தெரியாத ஒன்றுக்கு உன் கையை வாங்கினான். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் அதையும் நீயே எழுது, யாரையும் வைத்து எழுதாதே.

17ஆம் தேதி நீயே பேசு. தப்பாகப் பேசு, திக்கிப் பேசு, ஆனால் அவன் வாயை நம்பாதே. ஜூலை முதல் ஞாயிறு பார்வை நாள். நீ வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

இலாரியோ


ஸ்பெயின் வாழ்க
இத்துர்ரால்தே, 19 ஜூன் 1941

இலாரியோ,

உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டேன். உடனே கையை விட்டு எடுத்தேன். ஓரம் கருகியது, என் விரல் இரண்டு கொப்புளித்தன. கோணல் எழுத்துக்கு அதுதான் காரணம்.

பதினோரு வருடம்! உன் துணி துவைத்தேன், உன் அம்மா செத்தபோது அவள் கண்ணை மூடிவிட்டேன். நான் உன்னைக் காட்டிக்கொடுப்பேனா? பொத்தானை ஏன் பார்த்தேன் என்றா கேட்கிறாய்? அது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிக்குள் கை நுழைந்தால் தைத்துவிடலாமே என்று அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். மடையா.

பத்து நாள் உன்மேல் கொதித்தேன். அந்தக் கொதிப்போடுதான் மாகாணத் தலைநகருக்குப் போனேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். பிளாசிதோ கறுப்புக் கோட்டில் வந்திருந்தான். நடுவில் இருந்தவர் என் பெயரைக் கூப்பிட்டதும் அவன் முந்திக்கொண்டு குனிந்தான். "மன்னிக்கணுங்க. இவங்க மலை வீட்டுப் பொம்பள. ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாதுங்க. பொறந்ததிலருந்தே தெரியாது. நான் கேட்டுச் சொல்றேன்."

பழக்கிய இறந்தகாலம் அத்தனையும் தலையிலிருந்து ஓடிப்போனது. பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "நான் பேசுகிறேன்" என்றேன். ஸ்பானிஷில்தான். அதுவும் நீ அனுப்பிய முதல் வரி.

பிளாசிதோ சிரித்தான். நான் நிறுத்தவில்லை. "நான் பேசவில்லை. நான் கையெழுத்திட்டேன். சர்க்கரைக்குக் கையெழுத்திட்டேன். பிளாசிதோ எழுதினார். என் கணவர் காய்ச்சலில் படுத்தார்." சர்க்கரை என்றதும் ஓரத்தில் இருந்தவரும் சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. தாளை என் முன் தள்ளி, வரி வரியாகப் படிக்கச் சொன்னார், பொருள் கேட்டார். சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பு. "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றார். "மே மாதம். என் கணவர் கடிதத்தில் கற்பிக்கிறார்" என்றேன்.

அவர் பிளாசிதோ பக்கம் திரும்பினார். "இப்பத்தானே சொன்னீங்க, இவங்களுக்குப் பொறந்ததிலருந்தே ஒரு வார்த்தை தெரியாதுன்னு? அப்ப முப்பத்தொன்பதுல, மொழிபெயர்ப்பாளர் பேரே இல்லாம, இவ்வளவு சுத்தமான ஸ்பானிஷ்ல வாக்குமூலம் சொன்னது யாரு?"

இலாரியோ, அவன் வாயைத் திறந்தான், மூடினான். எத்தனை பேருக்குப் பதிலாகப் பேசிய வாய் அது. வேர்வையைத் துடைக்கத் தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான்.

அதிகாரி தாளின் குறுக்கே கோடு போட்டார். வழக்குக் காகிதங்களில் உனக்கு எதிராக வேறு சாட்சி எதுவும் இல்லையாம். எழுத்தர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இலையுதிர் காலத்துக்குள்ள உங்க வீட்டுக்காரர் வந்துடுவார்னு நெனைக்கிறேன்." நான் நன்றிகூடச் சொல்லவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குப் போகிற ரயிலில் பிளாசிதோ வேறு பெட்டியில் ஏறினான்.

இனி உன் விஷயம். மன்னித்தேனா என்று கேட்கிறாய். இன்னும் இல்லை. ஜூலை முதல் ஞாயிறு வருகிறேன். ஊசியும் நூலும் கொண்டுவருகிறேன், காவலனைக் கெஞ்சி அந்தச் சட்டையை வாங்கித் தைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடம் உன்னைத் திட்டுவேன். கிறிஸ்தவர்கள் பேசுகிற பேச்சிலேயே திட்டுவேன், ஒருத்தனும் தடுக்க முடியாது. திட்டு என்பதும் சாதுவான சொல்தானாம், பிராக்ஸேதஸ் சொன்னாள். ஒரு வாரமாகப் பழக்குகிறேன். திட்டுகிறேன், திட்டினேன், திட்டிக்கொண்டிருந்தேன், திட்டுவேன்.

மீதி ஐந்து நிமிடத்துக்கு நீ பேசு. நான் உன் முகத்தைப் பார்க்கிறேன்.

உன் கசில்டா
(எழுதியவள்: கசில்டா)