இலை மட்டும் வந்த கொப்பு

கல்முனைச் சந்தையில் இன்று ஒரு லீக்ஸ் மூட்டையை அவிழ்த்தார்கள். ஈரச் சாக்கின் வாடை வந்தது. வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன், மச்சான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ நுவரெலியாவிலிருந்து லொறியில் மரக்கறி கொண்டுவருவாய். லீக்ஸுக்கு அடியில், ஈரச் சாக்கில் சுற்றிய மேப்பிள் கொப்புகள் இருக்கும். வெலிமடையில் உன் மனைவி பிறந்த வீட்டு வாசலில் அந்தச் சிவந்த இலை மரம் நின்றதாம். அவளுடைய வாப்பா துரை பங்களாவில் பூங்கன்று வளர்த்தவர். நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழப் போவான். உனக்காக அவள் மலையிறங்கி வந்தாள். நோயில் விழுந்த பிறகு கேட்டது அந்த மரம் ஒன்றைத்தான்.

ஆற்று மணலில் கொப்பை ஊன்றிக் கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்து வைப்பாய். வெக்கையில் கறுத்துப்போகும். அடுத்த பயணத்தில் வேறு வரும். "மரக்கறி போதாம இப்ப விறகும் ஏத்துறியா?" என்று சந்தையில் கேலி செய்தார்கள். நீயும் சிரித்தாய்.

ஒரு காலையில் என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஒரு கொப்பில் இரண்டு இலைகள்.

"பிடிச்சிட்டு மச்சான். இனி அவளும் எழும்பிருவா."

சட்டியை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு நீ தேத்தண்ணி ஊற்றப் போனாய். அவள் இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அண்ணன் முறையான என்னிடம் சொன்னாள்.

"வேர் இல்ல நானா. கொப்புக்குள்ள மிச்சமிருந்த சத்துல வந்த இலை. அது முடிஞ்சா வாடிரும். அவருக்குச் சொல்ல வாணாம்."

நீ வந்ததும், வடிவாக இருக்கிறது என்றாள்.

அந்த இலைகளுக்கு முன்பே அவள் போனாள். அடக்கிய கப்றின் தலைமாட்டில் பச்சைக் கொப்பு நடுவது நம் வழக்கம். நீ வேறு எதையும் முறிக்க விடவில்லை; மேப்பிளையே நட்டாய். அது காய்ந்த பிறகும் வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து தண்ணீர் ஊற்றினாய். அடியில் வேர் ஓடியிருக்கும் என்றாய். நான் ஓம் என்றேன்.

பிறகு சண்டையில் பாதைகள் கெட்டன. ஒருநாள் உன் லொறி வழியில் தனியே நின்றது. மரக்கறி அழுகியிருந்தது. நீ இல்லை. பத்திரிகைக்குச் செய்தியை நான்தான் எழுதினேன். விசாரிக்க முடிந்த இடமெல்லாம் விசாரித்துவிட்டு, ஆளைப் பற்றித் தகவல் இல்லை என்று முடித்தேன். அந்த வரியைத் திருத்த இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

மையவாடியில் இப்போது அந்தக் காய்ந்த குச்சியும் இல்லை. உனக்கோ கப்றே இல்லை. ஒரு கொப்பு ஊன்ற நான் எங்கே போவேன்?

அவள் சொல்ல வேண்டாம் என்றதை இத்தனை காலம் வைத்திருந்தேன். என்றாவது நீ வந்துவிடுவாய், உன் கண்ணில் பட்டுவிடும் என்று எங்கும் எழுதாமலும் இருந்தேன்.

இன்று எழுதிவிட்டேன்.