செல்லம்மாள் வீட்டுச் சுவரில் நீ

என் அருமை காசிம்,

உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ரங்கூன் குண்டுவீச்சில் நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இதைச் சொல்ல எனக்கு இன்றுதான் துணிவு வந்தது.

"என்னை மட்டும் படமா எழுதிடாதே மச்சான், எங்க வீட்ல உருவப்படம் ஆகாது" என்பாய். நானும் எழுதியதில்லை. ஊரான் மூஞ்சியையெல்லாம் பெரிதாக எழுதிச் சட்டம் போட்டுக் கொடுக்கிற இந்தப் படக்காரனிடம் உன் முகம் மட்டும் இல்லை.

நீ போன மறு வருஷம் ஸ்ரீரங்கத்திலிருந்து பூக்கட்டும் செல்லம்மாள் வந்தார். மலாயாச் சண்டைக்குப் போன மகன் முருகேசன் இறந்துவிட்டான் என்றே எல்லோரும் சொல்லிவிட்டார்களாம். அவரிடம் இருந்தது பட்டாளத்தார் கூட்டமாக நிற்கும் ஒரு போட்டோ. அதில் மகன் முகம் உளுந்தளவு, அதுவும் கலங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்துப் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மாள் அழுத அழுகையில் போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

எழுதி முடித்து எட்ட நின்று பார்த்தால், நீ! அந்த ஏறிய புருவம், சிரிப்பை அடக்குகிற உதடு. சத்தியமாக நினைத்துச் செய்யவில்லை. கிழிக்கவும் மனசு வரவில்லை. "மூக்கு கொஞ்சம் நீண்டிருக்கு. பட்டாளத்துச் சோத்துல இளைச்சிருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படத்தை மார்போடு அணைத்தபடி அவர் போய்விட்டார். அன்று முதல் உனக்குச் சந்தனம், குங்குமம், தினம் ஒரு முழம் மல்லிகை.

சண்டை ஓய்ந்து, போன வியாழக்கிழமை முருகேசன் உயிரோடு வந்துவிட்டான். ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஒன்றையே நினைத்துக்கொண்டு போனேன். அந்தப் படத்தை உடைத்தால் உன் முகம் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். தடுக்க எனக்கு என்ன உரிமை?

எலும்பும் தோலுமாக அவன் படத்துக்கு நேரே நின்றான். செல்லம்மாள் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, நான்தாம்மா முருகேசன். இது யாரு?"

அவனைத் தொடப்போன கை பாதியில் நின்றது. எந்த முகத்தை நம்புவது என்று அவருக்கே தெரியவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "படத்துல இருக்கிறது என் சிநேகிதன்மா. பேரு காசிம்."

மகன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்து ஓவென்று அழுதார். பிறகு எழுந்துபோய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினார். முந்தானையை நனைத்துக் கண்ணாடியிலிருந்த பொட்டைத் துடைத்தார். தொலைந்தது, இனி படம் தெருவுக்குத்தான் என்று நினைத்தேன்.

"அவங்க வழக்கத்துல இதெல்லாம் கிடையாதே தம்பி. தெரியாம வச்சிட்டேன்" என்றார்.

"நான் எடுத்துட்டுப் போயிடட்டுமாம்மா?"

"எதுக்கு? மூணு வருஷமா நான் அழுதது இந்தப் பிள்ளைக்குத்தானே. என் பிள்ளை வந்துட்டான்னு இவனை வெளியே அனுப்பச் சொல்றியா?"

காசிம், நீ வேண்டாமென்றதைத்தான் செய்திருக்கிறேன். நாளைக் காலையில் பாலக்கரைக்குப் போய் உன் அம்மாவிடம் நானே சொல்வேன். என்ன ஏசினாலும் கேட்டுக்கொள்வேன். பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போவேன், வேண்டாமென்றால் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அதை அழிக்கச் சொன்னால் மட்டும் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
தங்கவேலு