பாக்கி இருக்கிற மாகாணம்

ஆரணி,
1988, பங்குனி 22.

சிரஞ்சீவி மாணிக்கவேலுக்கு, பெரியப்பா காத்தவராயன் சொல்லச் சொல்ல எழுதுகிற கடிதம். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ இருக்கிற பதான்கோட்டில் குளிர் விட்டிருக்கும், உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித் தொடங்குகிறேன்.

இந்திரா அம்மாவைச் சுட்ட வருஷம் உனக்கு மறந்திருக்காது. தீபாவளி முடிந்து ஒரு வாரம். கடைத்தெருவில் கதவடைப்பு. சாயப்பட்டறையில் அடுப்பை அணைத்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ரேடியோவைத் திருப்பினாலும் அழுகை வாத்தியம். அந்த வாரத்தில்தான், குப்புராஜ் போன மிலிட்டரி லாரி காஷ்மீரத்துப் பள்ளத்தில் விழுந்துவிட்டது என்று தந்தி வந்தது. தெருவில் பெண்கள் கூட்டமாக நின்று அழுதுகொண்டிருந்தார்கள். உன் பெரியம்மா பாஞ்சாலை அவர்களைப் பார்த்துவிட்டு, "எம் புள்ளைக்கா இத்தினி பேரு அழுவறாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

காரியத்துக்கு நீதான் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பெட்டியில் அவன் ஓடுகிற கேன்வாஸ் ஷூ இருந்தது. பாஞ்சாலை அதை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தினி மாகாணம் பாக்கி வெச்சிருந்தான்?" என்று உன்னைக் கேட்டாள். நீ தலையை நிமிர்த்தாமல், "கவலப்படாத பெரிம்மா, அவன் உட்டத நான் ஓடி முடிக்கிறேன்" என்று சொன்னாய். அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஓட்டத்துக்கு வேலூருக்கு பஸ் ஏறியது, காமராஜர் காலமான வருஷம் ஐப்பசி மழையில். தேறி வந்த அன்றே குப்புராஜ் சொல்லிவிட்டான், ஒரு மாகாணம் விடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு மாரத்தான் ஓட்டம் ஓடுவேன் என்று. அது எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ஆரணியிலிருந்து வேலூர் போய், கோட்டையையும் ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவோ அவ்வளவு என்றான். எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டேன். சாமிக்கு இல்லை என்று சொல்லிச் சிரித்தான். வேண்டுதல் இல்லாமல் ஒருவன் அவ்வளவு தூரம் எதற்கு ஓடுவான் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தியாவில் பிறந்துவிட்டுக் களம்பூர் ரைஸ் மில்லோடு நின்றுவிடக் கூடாது அப்பா, எல்லா மண்ணையும் என் காலால் பார்க்கணும் என்றான். அது மட்டும் கொஞ்சம் விளங்கியது.

நாக்பூரில் ஓடிவிட்டு நூற்று முப்பதாவதாக வந்தேன் என்று கார்டு எழுதினான். அதைக் கேட்டுவிட்டு பாஞ்சாலை தெருக்குழாயடியில், "எல்லா புள்ளைங்களும் நூத்துக்கு எம்பது தொண்ணூறு வாங்குவாங்க, எம் புள்ள நூத்தி முப்பது வாங்கிட்டான்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அவளுக்கு அது மார்க்குதான்.

அவன் போன பிறகு நீ ஓடினாய். ஒரிசாவில் ஓடினாய். பஞ்சாபில் ஓடினபோது, தலைப்பாகை கட்டின ஒரு கிழவர் உனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து உனக்காகப் பால் டம்ளரோடு நின்றார் என்று எழுதினாய். அஸ்ஸாமில் மழையில் ஓடினாய். ஒவ்வொரு கார்டையும் தபாலாபீஸ் சுப்பராயலு ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நீ உத்தரவு கேட்பாய். நான் அம்மன் கோயில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து அனுப்புவேன். பாஞ்சாலை தவறின பிறகும் அதை நான் நிறுத்தவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுப்பராயலு ஐயா தை மாதம் காலமாகிவிட்டார். உனக்குச் சொல்லி அனுப்பாதது என் மறதி. அதனால் போன வாரம் உன் கவர் வந்ததும் உன் பெண்டாட்டி ஆதிலட்சுமியிடம்தான் கொடுத்தேன். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே. இழை சுற்றிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரித்தாள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சைப் பார்த்த டாக்டர், வால்வு பழுதாகிவிட்டது, இனி ஓடினால் உயிருக்கு ஆபத்து என்று சொன்னதைப் படித்தாள். அப்படியும் வைகாசியில் இமாசல மலையில் நடக்கிற ஓட்டத்துக்கு நீ பேர் கொடுத்திருப்பதைப் படித்தாள். அது ஒன்றுதான் பாக்கி, பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கு, உத்தரவு கொடுங்கள் என்று நீ கேட்டதையும் படித்தாள். கடைசியில், "ஆதிலட்சுமிக்கு மட்டும் தெரியவேண்டாம் பெரியப்பா" என்று நீ எழுதியிருந்ததை அவள் வாயாலேயே எனக்குப் படித்துக் காட்டினாள்.

படித்துவிட்டு மடித்தாள். "சரி மாமா, நான் அவளாண்ட சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு இழை சுற்ற உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, உன் மேல் இருக்கிற கோபத்துக்கு.

இந்தக் கடிதத்தை எழுதுகிறவளும் அவள்தான். வேறு யாரிடமாவது போகட்டுமா என்று கேட்டேன். "வேணாம், நானே எழுதறேன். ஒரு எழுத்து கூட்ட மாட்டேன், கொறைக்க மாட்டேன்" என்றாள். உன் பங்குக்கு நீயும் நாலு வரி எழுதேன் என்றதற்கு, "நான் எழுதினா திட்டாத்தான் வரும், பட்டாளத்துக்காரங்க பிரிச்சிப் பாத்தா மானம் போவும்" என்கிறாள். சொன்னபடியே எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். எழுதினதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை.

மாணிக்கவேலு, பாஞ்சாலையை நீ சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பாக்கி எத்தனை என்று அவள் உன்னைக் கேட்டது, தீர்த்துக் கொடு என்று இல்லை. அன்றைக்கு எல்லோரும் அவன் போய்விட்டதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இருந்ததைப் பற்றி யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்றுதான் கேட்டாள். நீ பதிலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய். பிள்ளை வாய்விட்டுச் சொல்லிவிட்டானே என்று அவளும் தட்டவில்லை. சாகிறதற்கு நாலு நாள் முன்னால் என்னிடம், "அந்தப் புள்ள எனக்கோசரம் ஓடிகினே கீறான், போதும்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்றாள். நீ ஓடுகிறவரை அவன் பேர் கார்டில் வந்துகொண்டிருக்கும் என்ற ஆசையில் நான் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். போதும்.

உத்தரவு கேட்டிருக்கிறாய். கொடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தில் குங்குமம் வைக்கவில்லை. கவரை உதறிப் பார்க்காதே.

வெறுமனே ஓடாதே என்றால் நீ கேட்கிறவன் இல்லை. சரி என்று எழுதிவிட்டு ஓடுவாய். உன் அப்பன் பச்சையப்பனும் அப்படித்தான், என் தம்பியை எனக்குத் தெரியாதா? அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒளிக்காமல் சொல்கிறேன். சந்தவாசல் பக்கத்தில் நம் பூர்வீக ஊர்த் திரௌபதி அம்மனுக்கு வைகாசி முதல் வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். பதினெட்டு நாள் பாரதம், கடைசி நாள் தீமிதி. உன் ஓட்டம் இதற்கு நடுவில் வருகிறது. காப்புக் கட்டினவன் விழா முடிகிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டான். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

இதைச் சொன்னதும் ஆதிலட்சுமி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னா மாமா, நெஞ்சு நோவுக்காரன நெருப்புல எறக்கறியா? உனுக்கு புத்தி கெட்டுப்போச்சா?" என்று சத்தம் போட்டாள். உன் நெஞ்சைப் பற்றி அவள் வாய்விட்டுப் பேசினது அதுதான் முதல் தடவை. பிறகு அழுதாள். அழட்டும் என்று விட்டேன். நெருப்பில் இறங்குகிறவன் நான். என் கால் சாயத் தொட்டி வெந்நீரில் வெந்த கால், அதற்கு ஒன்றும் ஆகாது. நீ மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஊருக்குள் உட்கார்ந்திருந்தால் போதும். சாப்பிடு, தூங்கு, உன் மகள் கற்பகத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கூத்துப் பார். நீ வாங்கி அனுப்பின கம்பளிச் சட்டை அவளுக்கு இப்போதே சின்னதாகிவிட்டது.

ஊரில் தலையாரி எல்லப்பனிடம் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் எங்கள் பங்காளி வகையில் காப்புக் கட்டிக்கொள்ள ஆள் வருகிறான் என்று. "பட்டாளத்துக்காரன் லீவு கெடைக்கலன்னு சொல்லிடுவான்" என்றார். கிடைக்கும் என்றேன். மலையில் ஓடுவதற்கு நீ லீவு கேட்டு வைத்திருப்பாய் அல்லவா? அதே லீவில் ரயில் ஏறு. காட்பாடியில் இறங்கி ஆரணி பஸ்ஸைப் பிடி. எத்தனை மணி ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

அந்த ஒரு மாகாணம் பாக்கியாகவே இருக்கட்டுமப்பா. அவன் பார்க்காத மண் ஒன்று இருந்தால் என்ன? நாமெல்லாம் பார்க்காத மண் எவ்வளவோ இருக்கிறது.

காப்புக் கட்டுகிற அன்றைக்குப் பூசாரி சூடத்தை ஏற்றி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு பேர் கேட்பார். அவருக்குக் கிழவன் பேர் வேண்டாம், வீடு விளங்க இருக்கிற பிள்ளையின் பேர் வேண்டும். உன் அப்பன் பச்சையப்பன் இருந்தபோது அவன் சொல்வான், அவன் இல்லை. கேட்டுக் கேட்டுப் பெருமைப்பட பாஞ்சாலை இல்லை. குப்புராஜ் இல்லை. நம் வீட்டில் உயிரோடு இருக்கிற பிள்ளை என்று அம்மன் முன்னால் நான் வாய் திறந்து சொல்ல இனி ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது. மாணிக்கவேல்.