சித்தேரி பஸ் ஓடவில்லை என்று சொன்னேன்

நேற்று அரூர் பஸ் நிலையத்தில் ஓர் இளைஞன் என்னை நிறுத்தி, "சார், சித்தேரி பஸ் எதுங்க?" என்று கேட்டான். முதுகில் பெரிய பை, கையில் குச்சியில் மாட்டிய செல்போன். நான் பஸ்ஸைக் காட்டியதும் அந்தப் போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டான். கையில் காசு அதிகமில்லையாம், எங்கே தங்குவது என்று தெரியாதாம், கிடைத்ததைச் சாப்பிடப் போகிறானாம். அதையெல்லாம் ஏதோ பரிசு விழுந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னான். பஸ் கிளம்பிப் போகும்வரை நான் அங்கேயே நின்றேன். வீட்டில் தயிர் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள், அதுவும் மறந்துபோனது. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அரிசி மண்டிக்காரர் வீட்டு டிவி உனக்கு மறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேர் தரையில் உட்கார்ந்திருப்போம். ஒருவன் மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவான், கீழேயிருந்து "வந்துருச்சு, வுடு வுடு!" என்று கத்துவோம். பாதி புள்ளியும் பாதி படமுமாக, ஊர் ஊராகச் சுற்றிக் காட்டும் அந்தத் தாடிக்காரன் வருவான், தோளில் ஒரு பையோடு. அவன் பேசுவது இந்தி. நமக்கெல்லாம் இந்தி என்றால் காத தூரம். உன் வீட்டில் உருது பேசுவீர்கள் என்பதால் உன்னை முன்னால் உட்கார வைப்போம். மண்டிக்கார அக்கா, "என்னப்பா சொல்றான் அந்தாளு?" என்று கேட்கக் கேட்க, நீ தமிழில் சொல்லிக்கொண்டே வருவாய்.

மற்ற நிகழ்ச்சிகளில் அரண்மனையைக் காட்டினார்கள், அமைச்சர் ரிப்பன் வெட்டுவதைக் காட்டினார்கள். பார்த்தோம், எழுந்து போனோம். இவன் மட்டும் பஸ்ஸைத் தவற விட்டான். லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து போனான். ஸ்டேஷன் பெஞ்சில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். யார் கூப்பிட்டாலும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். சட்டை நம் சட்டையைவிட மோசம். அவன் எந்த ஊருக்குப் போனான் என்பதே எனக்கு நினைவில்லை, போன விதம்தான் நினைவிருக்கிறது. "இவனே போறான்னா நாம போவ முடியாதாடா?" என்று நீ கேட்டபோது, முடியும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

உனக்குத்தான் முடியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஆனாலும் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த உன் அப்பாவின் மெத்தைக் கடையில், கோடு போட்ட மெத்தைத் துணியை வெட்டி, டிவியில் பார்த்த அளவுக்கு ஒரு தோள்பை தைத்தாய். பட்டைக்குள் பஞ்சு வேறு அடைத்தாய். "தோள் வலிக்கக் கூடாதில்ல" என்றாய், உலகத்தையே சுற்றப் போகிறவன் போல. நம் திட்டமோ சித்தேரி. காலை பஸ்ஸில் மலையேறி, கொஞ்சம் நடந்து, யாராவது இடம் கொடுத்தால் தங்கி, அவர்கள் போடும் சாமைச் சோற்றைத் தின்றுவிட்டு மறுநாள் இறங்குவது. அவ்வளவுதான் நீ ஆசைப்பட்டது.

போவதற்கு இரண்டு நாள் முன்பு உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, பட்டணத்துல ஆபரேசன் பண்ணாப் பொழைப்பான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் அலையக் கூடாதாம். நான் சொன்னா கேக்க மாட்டான். நீ வர்லீன்னா அவனும் போவ மாட்டான். உன் கையிலதான்பா இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்ய? தலையாட்டினேன்.

அந்தக் காலையில் நீ பையை மாட்டிக்கொண்டு கடைக்குள் உட்கார்ந்திருந்தாய். "மலைப் பாதையில பாறை உருண்டுருச்சாம்டா. ஒரு வாரத்துக்கு சித்தேரி பஸ் ஓடாதாம்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை. எதிரே ஹாரன் மூன்று முறை அடித்தது. சந்தைக்கு வந்த மலைக்காரர்களைக் கூப்பிட சித்தேரி பஸ் டிரைவர் மட்டும் அப்படி அடிப்பார். அரூரில் அது தெரியாதவர் கிடையாது. பஸ் கடைவாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, பாறையை எடுக்கட்டும்" என்றாய். எனக்கு அழுகை வந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று ஓடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு உன் பக்கத்தில் உட்காரத் துணிவில்லாமல் கதவோரம் நின்றேன். அன்று தாடிக்காரனோடு இன்னொருவனும் வந்திருந்தான். பஸ் வராத ஒரு சாலையில் இருவரும் நின்றிருந்தார்கள், தாடிக்காரன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"என்னப்பா சொல்றான்?" என்றார் அக்கா.

"பஸ் வர்லியாம். அதுக்குக் கூட வந்தவன் என்ன பண்ணுவான், பாவம். அவன் மேல எனக்குக் கோவமே இல்லீங்கறான்."

"கையை ஆட்டறதைப் பாத்தா கோவமாட்டம் தெரியுதே?"

"இல்லக்கா, அவங்க ஊருப் பேச்சே அப்படித்தான்."

நான் அதை அப்படியே நம்பினேன். நல்லவேளை, இன்றைக்குப் பார்த்து இதைச் சொன்னானே என்று அந்த ஆளுக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வரும் முன்பே, ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய், உன் வீட்டுக் கட்டிலில், கூரை ஓடுகளைப் பார்த்தபடி. கூட்டிப் போயிருந்தால் மலையிலேயே போயிருப்பாயோ என்னவோ. எத்தனையோ வருடமாக இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு பக்கமும் விடியவில்லை.

எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து வடக்கே இட்டார்சிக்குப் போனேன். திட்டு வாங்கி வாங்கியே இந்தி வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் குவார்ட்டர்ஸ் டிவியில் அந்தப் பழைய நிகழ்ச்சியை மறுபடி போட்டார்கள். அதே சாலை, அதே இருவர். இந்த முறை எனக்குப் புரிந்தது. தாடிக்காரன் கூட வந்தவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தான். உன்னால்தான் பஸ் போனது, இனி உன்னோடு எங்கேயும் வரமாட்டேன் என்றான். மன்னிப்பு, பாவம் எதுவும் அதில் இல்லை. உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் நீ எங்கே இருக்கிறாய்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு இந்தி தெரியாது. "என்னங்க சொல்றாரு?" என்றாள்.

"பஸ் வர்லியாம். கூட வந்தவன் மேல கோவமே இல்லீங்கறாரு" என்றேன்.

"ரொம்ப நல்ல மனுசன் போலிருக்குதுங்க" என்றாள்.

ஆமாம் என்றேன். யாரைச் சொன்னேன் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.